கழலை, உப்பு, நுண்ணோக்கி: ஒரு மருத்துவ நம்பிக்கையின் வரலாறு

குற்றாலத்து நீருக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டு என்ற நம்பிக்கைக்கு வயது அதிகம். மூலிகை வேர்களைத் தழுவி வருவதால் அருவி மருந்தாகிறது என்று சாரல் காலத்தில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வருகிறவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலியின் ஆங்கில அதிகாரிகளுக்கு அது வெயிலிலிருந்து தப்பும் இடம். ராபர்ட் வைட் போன்ற தாவரவியலாளர்களுக்கு அது செடி சேகரிக்கும் காடு. இலக்கிய வாசகர்களுக்கோ குற்றாலம் என்றால் ரசிகமணி டி.கே.சி.யின் வீடு, அங்கே விருந்தினராக வந்து தங்கிய ராஜாஜியும் கல்கியும். இந்தக் கட்டுரை கவிதையைப் பற்றியது அல்ல. ஆயினும் ராஜாஜி இதில் ஒருமுறை வருவார், உப்பின் காரணமாக.

நீர் நோயைத் தீர்க்கும் என்று நம்பியவர்கள் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நீரே ஒரு நோயைத் தருகிறது என்று நம்பிய மருத்துவர் ஒருவர் மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே, குன்னூரில், எலிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். ராபர்ட் மெக்காரிசன் என்பது அவர் பெயர். அவரைத் துரத்திய நோய் கழலை, அதாவது கழுத்தின் முன்புறம் தைராய்டு சுரப்பி வீங்குவது. அவரிடமிருந்து தொடங்கினால் நாங்கள் சொல்ல விரும்பும் வேறொரு கதைக்கு வந்து சேரலாம். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறவர்களுக்கு அந்தச் சுரப்பியில் புற்றுநோய் வராது என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் நம்பியது. ‘வராது’ என்பதோடு நில்லாமல் ‘அது ஒரு காப்பு’ என்றும் சொன்னார்கள். அந்த நம்பிக்கை எப்படி உருவானது, எப்படி உடைந்தது, உடைந்த பிறகு நம்மிடம் மிஞ்சியிருப்பது என்ன என்பதே பொருள்.

கழலை நம் மருத்துவ மரபுக்குப் புதிதல்ல. சுசுருத சம்ஹிதையின் நிதான ஸ்தானத்தில் பதினோராம் அத்தியாயம் கிரந்தி, அபசி, அற்புதம், கலகண்டம் ஆகிய நான்கையும் ஒன்றாகப் பேசுகிறது. கலகண்டம் என்பது கழுத்துக் கழலை. அற்புதம் என்பது இன்று நாம் புற்று என்று சொல்வதற்கு ஓரளவு நெருங்கிய சொல். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தவர்களுக்கு நுண்ணோக்கி இல்லை. கையால் தொட்டுப் பார்த்தே பிரித்தார்கள். ஆனால் சுரப்பி மிகையாகச் சுரப்பது என்பது வேறு நோய். உடல் மெலியும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சிலருக்குக் கண்கள் பிதுங்கும். இந்த அடையாளங்கள் அனைத்தும் கழுத்தில் உள்ள ஒரே சுரப்பியிலிருந்து வருகின்றன என்று கோப்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. இங்கிலாந்தின் பாத் நகரத்து மருத்துவர் பாரியின் குறிப்புகள் அவர் இறந்த பின் 1825-இல் அச்சாயின. 1835-இல் டப்ளினில் கிரேவ்ஸ் எழுதினார்; 1840-இல் ஜெர்மனியின் மெர்ஸபர்க்கில் பாஸடோ எழுதினார். பெயர் கிரேவ்ஸுக்கும் பாஸடோவுக்கும் போயிற்று. முதலில் கண்டவருக்குப் பெயர் கிடைப்பதில்லை என்பது இலக்கியத்தில் மட்டும் நடப்பதன்று.

இடையில் அயோடின் வந்தது. 1811-இல் குர்துவா என்ற பிரெஞ்சுக்காரர், வெடியுப்புத் தயாரிப்புக்காகக் கடற்பாசிச் சாம்பலைக் கையாளும்போது ஊதா நிற ஆவியாக அதைக் கண்டார். கடற்பாசிச் சாம்பலும் சுட்ட கடற்பஞ்சும் கழலைக்கு மருந்தாக முன்பே வழக்கில் இருந்தவை. எனவே 1820-இல் ஜெனீவாவின் குவாந்தே, அவற்றுக்குள் இருக்கும் மருந்து அயோடின்தானோ என்று ஊகித்து அதையே நேராகக் கொடுத்துப் பார்த்தார். கழலைகள் சுருங்கின. ஆனால் சிலர் படபடத்து, மெலிந்து, தூக்கமிழந்தார்கள். ஊரில் கலவரம். வாடியிருந்த சுரப்பிக்கு திடீரென்று அயோடின் கிடைத்தால் சில முடிச்சுகள் கட்டுப்பாடின்றிச் சுரக்கத் தொடங்கும் என்பது பின்னர்தான் விளங்கியது. 1966-இல் தாஸ்மேனியாவில் ரொட்டியில் அயோடின் சேர்த்தபோது இதே கதை திரும்பவும் நடந்தது. மருந்தும் நஞ்சும் ஒரே புட்டியில் இருக்கும் பொருள் இது. இந்த வரலாறு முழுக்க அந்த இரட்டைத்தன்மை தொடர்ந்து வரும்.

மெக்காரிசன் 1878-இல் அயர்லாந்தில் பிறந்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, இன்றைய பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் உள்ள கில்கிட்டுக்குப் போனார். அங்கே ஒரே நீரோட்டத்தின் கரையில் வரிசையாகச் சிற்றூர்கள் இருந்தன. மேலிருந்து கீழே வரவர, மேலூர்களின் கழிவு சேர்ந்த நீரைக் குடிக்கக் குடிக்க, கழலை கூடிக்கொண்டே போனதை அவர் எண்ணிக் கணக்கெடுத்தார். நீரில்தான் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. அந்த நீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கிய கசடைத் தாமும் குடித்தார், உடன்பட்ட இளைஞர்களுக்கும் கொடுத்தார். அவர்களில் சிலருக்கும் அவருக்கும் கழுத்து வீங்கியது. கொதிக்க வைத்த கசடைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. ஆகவே அது ஒரு தொற்று என்று முடிவு செய்தார். இதை 1913-இல் லண்டனில் மில்ராய் சொற்பொழிவுகளாக நிகழ்த்தினார். 1917-இல் தைராய்டு பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

சோதனை நேர்த்தியானது, முடிவு பெரும்பாலும் தவறு. மலைநாடுகளின் மண்ணை மழையும் பனியாறும் நூறாயிரம் ஆண்டுகளாகக் கழுவி அயோடினை வடித்துக் கடலுக்கு அனுப்பிவிட்டன. அந்த மண்ணில் விளைந்ததைத் தின்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை. அழுக்கு நீர் நிலைமையைச் சற்றே மோசமாக்கலாம், வேர்க்காரணம் அதுவன்று. ஆனால் மெக்காரிசனை அவ்வளவு எளிதில் தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் அவர் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுதான் பின்னாளில் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. பல பிரதேச உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்து, கோதுமையும் பாலும் சேர்ந்த வடபுலத்து உணவு முன்னால் நிற்க, அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு பின்தங்குகிறது என்று அவர் காட்டியது நமக்கு உவப்பான செய்தி அல்ல. உண்மையாக இருந்ததால் உறுத்தியது. 1935-இல் அவர் ஓய்வு பெற்றார்.

அயோடின் குறைவே காரணம் என்பதை இந்திய மண்ணில் எல்லோரும் ஒப்பும்படி நிறுவியவர் வி. ராமலிங்கசுவாமி. 1956-இல் இமயமலை அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, நடுவில் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்துகள் சமனாயின. மற்றதில் அப்படியே இருந்தன. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. இதெல்லாம் எங்கோ வடக்கே நடந்த கதை போலத் தோன்றலாம். ஆனால் உப்பு வருவது எங்கிருந்து? தூத்துக்குடியிலிருந்து. தென்காசிச் சந்தைக்கு உப்பு வண்டி வந்த வழியும் அதுதான்.

உப்பில் அரசியல் கலக்காமல் இருந்ததில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து உப்பு அள்ளியதன் பொருள், கடலோரத்து ஏழை அள்ளும் உப்பின்மேல் அரசுக்கு உரிமையில்லை என்பது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே வாதம் வேறு உருவில் திரும்பி வந்தது. அயோடின் கலக்காத உப்பை உண்பதற்காக விற்கக் கூடாது என்று 1990களின் இறுதியில் வந்த மத்திய அரசின் தடையை, சிறு உப்பளக்காரர்களின் பெயராலும் காந்தியின் பெயராலும் பலர் எதிர்த்தார்கள். 2000-இல் தடை நீங்கியது. 2006 மே மாதம் மீண்டும் வந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே நாங்கள் கருதுகிறோம். ஆனால் கருவில் இருக்கும் குழந்தையின் மூளைக்கு அயோடின் வேண்டும் என்பதற்கு முன் மற்ற நியாயங்கள் இளைத்துப் போகின்றன. விசித்திரம் என்னவென்றால், நாட்டில் குஜராத்துக்கு அடுத்து அதிக உப்பு விளைவிக்கும் தமிழ்நாடு, 2018-19-இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் கடைசியாக நின்றது: 61.9 சதவீதம். உப்பளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மூட்டையில் வாங்கும் கல்லுப்பையே விரும்புகிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஊறுகாய்க்குக் கல்லுப்பு இல்லாமல் முடியாது என்று நெல்லைச் சீமைப் பாட்டிகள் சொல்வதை எந்த அரசாணையாலும் மாற்ற இயலாது.

இனி அறுவை மேசைக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோஹர் ஆயிரக்கணக்கான கழலைகளை அகற்றினார். 1909-இல் நோபல் பரிசு பெற்றார். மரணம் நிச்சயம் என்று கருதப்பட்ட அறுவையை, நூற்றுக்கு ஒருவர்கூட இறக்காத அறுவையாக அவர் மாற்றினார். மிகைச்சுரப்பு உள்ளவர்களை வெட்டுவது மட்டும் அப்போதும் ஆபத்தாகவே இருந்தது. கொதிக்கும் சுரப்பியைத் தொட்டால் ஹார்மோன் வெள்ளமாகப் பாய்ந்து நோயாளி மேசையிலேயே இறந்துவிடுவார். 1923-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹென்றி பிளம்மர், அறுவைக்கு முன் சில நாள் அயோடின் கொடுத்தால் சுரப்பி அடங்குகிறது என்று காட்டினார். குவாந்தேயின் நோயாளிகளைப் படபடக்க வைத்த அதே அயோடின் இங்கே அடக்குகிறது. அதன்பின் மிகைச்சுரப்புள்ள சுரப்பிகள் பெருமளவில் வெட்டி எடுக்கப்பட்டு, நோய்க்குறியியல் வல்லுநர்களின் மேசைக்குப் போயின.

அவர்கள் கண்டது என்ன? மிகக் குறைவான புற்று. முடிச்சுள்ள, ஆனால் அமைதியாக இருக்கும் கழலைகளில் புற்று அவ்வப்போது இருந்தது. மிகையாகச் சுரக்கும் கழலைகளில் ஏறத்தாழ இல்லை. 1954-இல் ஜோசப் சோகால் இந்த இரண்டு வகைகளையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை அந்தக் காலத்து எண்ணத்தைத் தெளிவாக வெளிப்படுத்தியது. இதற்கு ஒரு தர்க்கமும் கிடைத்தது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்டும் ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. எலிகளில் இந்தத் தூண்டல் நெடுநாள் நீடித்தால் தைராய்டில் கட்டிகள் எழும்புகின்றன. மிகைச்சுரப்பு உள்ளவர்களிடம் தைராய்டு தானே கொட்டிக்கொண்டிருப்பதால் பிட்யூட்டரி வாய்மூடிவிடுகிறது. தூண்டல் இல்லை, ஆகவே கட்டி இல்லை. கேட்பதற்கு மிக அழகான வாதம். பாடநூல்களில் ஏறிய பின் அதைக் கேள்வி கேட்கப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்தக் கட்டுரை வருவதற்கு முன்பே நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், மாண்டிஃபியோர் மருத்துவமனையில், அந்தத் தர்க்கத்தின் அடித்தளத்தையே அசைக்கும் ஒரு நோயாளி படுத்திருந்தார். அவருக்கு 1923-இல் தைராய்டு அகற்றப்பட்டிருந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் மெலியத் தொடங்கினார், நெஞ்சு படபடத்தது, மிகைச்சுரப்பின் எல்லா அடையாளங்களும் வந்தன. மிகையாகச் சுரக்க அவர் கழுத்தில் சுரப்பியே இல்லை! நுரையீரலிலும் பிற இடங்களிலும் கட்டிகள் இருந்தன. சாமுவேல் சைட்லின் என்ற மருத்துவர் அவருக்குச் சிறிதளவு கதிரியக்க அயோடின் கொடுத்து, கருவியால் உடல் முழுவதும் துழாவிப் பார்த்தார். கழுத்தில் ஒன்றுமில்லை. கட்டிகள் இருந்த இடங்களில் எல்லாம் கருவி ஒலித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் வெட்டி எடுக்கப்பட்டது புற்றாகவே இருந்திருக்க வேண்டும். அதன் விதைகள் தூரதேசங்களில் குடியேறி, தாய்ச்சுரப்பியின் தொழிலை மறக்காமல், தைராய்டு ஹார்மோனைச் சுரந்துகொண்டிருந்தன. புற்று மிகைச்சுரப்பின் எதிரியாக இல்லை, இங்கே அதுவே மிகைச்சுரப்பாக இருந்தது. 1943-இல் அவருக்குக் கதிரியக்க அயோடினை மருந்தளவில் கொடுத்தார்கள். கட்டிகள் அதை ஆவலோடு விழுங்கின, விழுங்கியதால் எரிந்தன. 1946 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த அந்தக் கட்டுரையும், 1949-இல் ‘லைஃப்’ பத்திரிகையில் வந்த செய்தியும் அணுவின் பெயரைக் கேட்டாலே ஹிரோஷிமாவை நினைத்து நடுங்கிய உலகத்துக்கு வேறொரு முகத்தைக் காட்டின.

கதிரியக்க அயோடினின் தொடக்கம் ஒரு பகலுணவுக் கூட்டத்தில் நிகழ்ந்தது. 1936 நவம்பர் 12 அன்று ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் இயற்பியலாளர் கார்ல் காம்ப்டன் பேசி முடித்ததும், சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் மருத்துவர் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக்க முடியுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பயன், 1941 மார்ச் மாத இறுதியில் பாஸ்டனில் மிகைச்சுரப்பு நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக அந்த மருந்து கொடுக்கப்பட்டது. இன்று பயன்படும் அயோடின்-131, எட்டு நாளில் பாதியாகக் குறைவது, 1938-இல் பெர்க்லியில் சீபோர்க்கும் லிவின்குட்டும் கண்டறிந்தது. சீபோர்க்கின் தாயாரே பின்னர் அதனால் குணமடைந்தார் என்று அவர் மகிழ்ந்து நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தியாவில் 1963-இல் பம்பாயில் அணுசக்தித் துறையின் கதிரியக்க மருத்துவ மையம் தொடங்கியது. கதிரியக்க அயோடினும், அதே காலத்தில் வந்த சுரப்பை அடக்கும் மாத்திரைகளும் அறுவையின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. அதனால் ஒரு விளைவு, இதைக் கவனித்தவர்கள் குறைவு: வெட்டி எடுக்கப்படாத சுரப்பியை நுண்ணோக்கியில் யாரும் பார்ப்பதில்லை. உள்ளே புற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெரியாது.

1961-இல் அமெரிக்காவில் தொடங்கிய பெரிய கூட்டாய்வு ஒன்று மிகைச்சுரப்புக்குச் சிகிச்சை பெற்ற முப்பத்தைந்தாயிரம் பேர் அளவில் பின்தொடர்ந்தது. கதிரியக்க அயோடின் புற்றை உண்டாக்குமோ என்ற அச்சமே அதன் காரணம். 1974-இல் முடிவு வந்தபோது, தைராய்டு புற்று அதிகம் காணப்பட்டது கதிரியக்கம் பெற்றவர்களிடம் அல்ல, அறுவை செய்துகொண்டவர்களிடம்! கத்தி புற்றை உண்டாக்கியதா? இல்லை. கத்தி சுரப்பியை வெளியே கொண்டுவந்தது, வெளியே வந்ததை வெட்டிப் பார்த்தார்கள், பார்த்ததால் கண்டார்கள். எங்கள் கணிப்பில் இந்த வரலாற்றின் திறவுகோல் இந்த ஒரு புள்ளிதான்.

பழைய தர்க்கமும் உள்ளிருந்து உடைந்தது. 1956-இல் நியூசிலாந்தின் டுனடின் நகரில் ஆடம்ஸும் பர்வ்ஸும் கினிப் பன்றிகளில் செய்த சோதனையில், கிரேவ்ஸ் நோயாளிகளின் ரத்தத்தில் பிட்யூட்டரியினுடையது அல்லாத, நீண்ட நேரம் வேலை செய்யும் ஒரு தூண்டுபொருள் இருப்பதைக் கண்டார்கள். அது உடலின் சொந்த நோய் எதிர்ப்புப் பொருள்; பிட்யூட்டரியின் ஹார்மோன் பூட்டுக்குள் கள்ளச்சாவியாக நுழைந்து சுரப்பியை ஓயாமல் திறக்கிறது. அப்படியென்றால் பிட்யூட்டரி வாய்மூடியதால் தூண்டல் நின்றுவிட்டது என்ற வாதம் விழுந்தது. தூண்டல் நிற்கவே இல்லை, வேறு கையால் நடக்கிறது. 1988-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அந்த எதிர்ப்பொருள் புற்றணுக்களையும் தூண்டவல்லது என்று சோதனைக் குழாயில் காட்டினார்கள். 1990-இல் சிசிலியின் கத்தானியாவிலிருந்து பெல்ஃபியோரேயும் தோழர்களும், கிரேவ்ஸ் நோயோடு சேர்ந்து வரும் தைராய்டு புற்று கூடுதல் வேகத்தோடு பரவுகிறது என்று எழுதினார்கள். காப்பு என்று சொன்னது ஆபத்தாக மாறியது. இரண்டே ஆண்டுகளில் சிட்னியிலிருந்து மறுப்பு வந்தது: அவர்கள் நோயாளிகளில் வாழ்நாள் எதிர்பார்ப்பு வேறுபடவில்லை. இந்தச் சண்டை இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் ‘மிகைச்சுரப்பில் புற்று இராது’ என்ற வாக்கியத்தை இன்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. மிகைச்சுரப்புக்காக வெட்டப்பட்ட சுரப்பிகளில், எதிர்பாராமல் கிடைக்கும் புற்றின் அளவு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்று சில மருத்துவமனைகளும், பதினைந்துக்கு மேல் என்று சிலவும் எழுதுகின்றன.

இவ்வளவு வேறுபாடு ஏன்? ஓரளவு அயோடின், ஓரளவு யாரை அறுவைக்கு அனுப்புகிறார்கள் என்பது. பெரும்பங்கு, சுரப்பியை எத்தனை துண்டுகளாக வெட்டிப் பார்க்கிறார்கள் என்பது. 1985-இல் ஃபின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் துருவித் துருவிப் பார்த்தார்கள். 36 பேரிடம் நுண்ணிய பாப்பிலரி புற்று இருந்தது. எவருக்கும் அது இருப்பது தெரியாது. எவரையும் அது கொல்லவில்லை. கட்டுரையின் தலைப்பிலேயே அதை ஃபின்லாந்தில் ‘இயல்பான’ ஒன்று என்று எழுதிவிட்டார்கள். தென்கொரியாவில் எல்லோருக்கும் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் பார்க்கும் பழக்கம் பரவியதும், 1993-ஐ ஒப்பிட 2011-இல் தைராய்டு புற்று பதினைந்து மடங்காயிற்று. அதனால் இறந்தவர்களின் எண்ணிக்கை மாறவேயில்லை. ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை 1993-இலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த, ஆபத்துக் குறிகள் இல்லாத கட்டிகளை வெட்டாமல் கண்காணிக்கும் வழியை முன்வைத்தது, பெரும்பாலானவை வளரவில்லை. 2016-இல் ஒரு வகைக் கட்டியின் பெயரிலிருந்து ‘புற்று’ என்ற சொல்லையே நீக்கினார்கள். பெயரின் பலம் பற்றி இலக்கிய வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தென்காசியில் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயது. பீடி சுற்றுகிறார் அல்லது பள்ளி ஆசிரியை, எதுவானாலும் சரி. ஒரு வருடமாகப் படபடப்பு, மெலிவு, கை நடுக்கம். கார்பிமசோல் மாத்திரையில் அடங்கவில்லை; கழுத்தில் முடிச்சும் இருக்கிறது. அறுவை செய்துகொள்கிறார். பத்து நாள் கழித்து வரும் திசு ஆய்வுச் சீட்டில் கிரேவ்ஸ் நோய் என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: நான்கு மில்லிமீட்டர் பாப்பிலரி கார்சினோமா. அந்த வரியை முதலில் படிப்பவர் பெரும்பாலும் மருத்துவரல்ல, சீட்டை வாங்க வரிசையில் நின்ற அண்ணன் அல்லது மகன். படபடப்புக்காகப் போனவள் புற்றுநோயாளியாகத் திரும்புகிறாள். மேற்சொன்ன இருநூறு ஆண்டு வரலாறும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது, ஆனால் சீட்டில் அதற்கு இடமில்லை. அவ்வளவு சிறிய, சுரப்பியின் எல்லையைத் தாண்டாத கட்டிக்குப் பெரும்பாலும் எடுத்த அறுவையே போதும், வேறு எதுவும் வேண்டியதில்லை என்று அவரிடம் யாராவது அமர்ந்து சொல்ல வேண்டும். சொன்னாலும் வீட்டில் அந்தச் சொல் போய்ச் சேர்ந்திருக்கும்; மகளின் கல்யாணப் பேச்சு வரை அது எட்டும்.

அதே சமயம் எல்லாமே நுண்ணியவை அல்ல. மிகைச்சுரப்பு உள்ளவரின் கழுத்தில் தனியே ஒரு முடிச்சு தட்டுப்பட்டால், அது கதிரியக்க அயோடினை ஏற்காத ‘குளிர்ந்த’ முடிச்சாக இருந்தால், ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும்; ‘மிகைச்சுரப்புதானே, புற்று இராது’ என்று விட்டுவிட்ட காலத்தின் விலையைச் சிலர் கொடுத்திருக்கிறார்கள். பெரிய கட்டி, நிணநீர்க் கணுவுக்குப் பரவியது, சுரப்பியின் உறையைக் கிழித்தது என்றால் வழி வேறு.

அந்த வழி தென்காசிக்காரர்களுக்குப் பழகிய வழிதான். 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி கிழக்கே இருக்கிறது. மேற்கே மலையைத் தாண்டினால் 1981-இல் அமைந்த திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி ஆட்சியில் இருந்த ஊர். ஆகவே மலைக்கு அந்தப் பக்கம் அன்னிய தேசம் என்ற எண்ணம் இங்கே குறைவு. 1904-இல் போட்ட செங்கோட்டை-புனலூர் மீட்டர் கேஜ் பாதை அகலப்படுத்துவதற்காக மூடப்பட்டு 2018-இல் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நோயாளிகள் ஆரியங்காவு கணவாய் வழியே பேருந்தில் போனார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. இந்தியாவின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் பெண்களின் தைராய்டு புற்று மிக அதிகமாகப் பதிவாகும் இடங்களுள் திருவனந்தபுரம் ஒன்று. மருத்துவமனைகளும் ஸ்கேன் கருவிகளும் நெருக்கமாக உள்ள ஊரில் அதிகம் தேடுவதால் அதிகம் கிடைக்கிறதா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். ஃபின்லாந்தையும் கொரியாவையும் பார்த்தபின் எங்களுக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

பரவிய புற்றுக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன் ஒரு தயாரிப்பு உண்டு. எஞ்சியுள்ள தைராய்டு அணுக்கள் அயோடினுக்குப் பசித்திருக்க வேண்டும். பசித்திருந்தால்தான் மருந்தை விழுங்கும், பிராங்க்ஸ் நோயாளியின் கட்டிகள் விழுங்கியதுபோல. அதற்காக ஒன்றிரண்டு வாரங்களுக்குக் கடல் மீன், கருவாடு, பால், முட்டையின் மஞ்சள் கரு எல்லாவற்றையும் விலக்கச் சொல்கிறார்கள். முதன்மையாக அயோடின் கலந்த உப்பை. பாக்கெட் உப்பை எடுத்து வைத்துவிட்டு, அயோடின் கலக்காத உப்பு வாங்கி வாருங்கள் என்று மருத்துவமனையின் உணவுச் சீட்டு சொல்கிறது. அதைக் கடைகளில் உண்பதற்கென்று விற்கக் கூடாது என்பது சட்டம். வீட்டார் உறவுக்காரர்கள் மூலம் தூத்துக்குடிப் பக்கம் சொல்லிவிட்டு, உப்பளத்திலிருந்து நேராக இரண்டு படி கல்லுப்பு வரவழைக்கிறார்கள்.